சைவச் சமையல்: விலையும் நேரமும் பருப்பின் அளவும்

தமிழ்நாட்டில் சைவச் சமையல் சைவர்களை மட்டும் நம்பி நிற்பதில்லை. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறை அடிப்படைக் கணக்கெடுப்பில், பதினைந்து வயதைக் கடந்தவர்களுள் சைவ உணவுக்காரர் என்று இங்கே பதிவானவர்கள் 2.35 விழுக்காடுதான். ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் வாரத்தின் பல நாட்கள் அடுப்பில் ஏறுவது சாம்பார், ரசம், கூட்டு, பொரியல்தான். வெள்ளிக்கிழமை, அமாவாசை, கார்த்திகை, புரட்டாசி மாதம் என்று வரும் விரத நாட்கள் ஒரு காரணம். கறி, மீன் விலை இன்னொரு காரணம். வாங்கி வந்து, கழுவி, மசாலா அரைத்துக் குழம்பு வைக்க ஞாயிற்றுக்கிழமையில்தான் நேரம் கிடைக்கிறது என்பது மூன்றாவது. ஆகவே இறைச்சியில்லாச் சமையல் என்பது இங்கே கொள்கைப் பிரச்சினையைவிட அன்றாடப் பிரச்சினை: காலை ஏழரைக்குள் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் டப்பா கட்ட வேண்டும், மாதக் கடைசியிலும் கட்ட வேண்டும், அதில் சத்தும் இருக்க வேண்டும்.

விரைவு, மலிவு, சத்து என்ற மூன்றில் இரண்டு எளிதில் கைகூடும். மூன்றாவதுதான் நழுவும். ரவை உப்புமா விரைவும் மலிவும் ஆகும், சத்து குறைவு. முருங்கைக்கீரைப் பருப்புக் கடைசல் சத்தும் மலிவும் ஆகும். கீரை ஆய நேரம் பிடிக்கும். பன்னீர் குருமா விரைவாக ஆகும், புரதமும் உண்டு. நான்கு பேர் உள்ள வீட்டில் அடிக்கடி வாங்கக் கட்டுப்படியாகாது. மூன்றும் ஒன்றாகச் சேரும் பண்டங்கள் தமிழ்ச் சமையலில் பல இருக்கின்றன. புதிய பக்குவங்கள் அதிகம் தேவையில்லை. பழைய பக்குவங்களில் அரிசிக்கும் பருப்புக்கும் உள்ள விகிதத்தை மாற்றினாலே பெரும்பகுதி சரியாகிவிடும்.

பருப்பு எவ்வளவு வேண்டும்

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்கு 2000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், காயும் கீரையும் 400 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி என்று கணக்கிடுகிறது. தானியமும் பருப்பும் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. புரதத்தைப் பொறுத்தவரை, இதே நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து 2020இல் வகுத்த அளவு 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம்.

இந்த அளவை ஒரு வீட்டுச் சாம்பாரோடு பொருத்திப் பார்த்தால் குறை எங்கே என்று தெரிந்துவிடும். நான்கு பேருக்குச் சாம்பார் வைக்க அரை டம்ளர் துவரம் பருப்பு போடுவது வழக்கம். ஏறத்தாழ 100 கிராம். துவரம் பருப்பில் நூற்றுக்கு 22 பங்கு புரதம். ஆளுக்கு ஐந்தரை கிராம் ஆகிறது. தட்டில் விழும் சோறு ஆளுக்கு 100 கிராம் அரிசி என்று கொண்டால் அதிலிருந்து ஏழெட்டு கிராம். ஒரு வேளைக்கு மொத்தம் 13 கிராம். இட்லியும் தோசையுமாகப் போகும் மற்ற இரண்டு வேளையும் இதே அளவில் இருந்தால் நாள் கணக்கு நாற்பதைத் தொடாது. பருப்பை ஆளுக்கு 50 கிராமாக்கினால் அந்த ஒரு வேளையிலேயே 18 கிராம் வந்துவிடுகிறது. சாம்பார் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், அவ்வளவுதான். சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதும் நல்லது: இந்தியர்களின் உணவில் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு காட்டியிருக்கிறது. பருப்பில்லாத ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் சோறுமாக முடியும் ஒரு மதியச் சாப்பாடு சைவமானது, மலிவானது, ருசியானதும்கூட. சத்தான சாப்பாடு என்று அதைச் சொல்ல முடியாது.

அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு; பருப்பில் அது தாராளம். பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசி அதை ஈடுசெய்கிறது. பொங்கலும் இட்லியும் பருப்புச் சாதமும் இந்தப் பொருத்தத்தின் மேல் நிற்பவை. ஒரே வேளையில் இரண்டையும் சேர்த்தால்தான் பயன் என்று ஒரு காலத்தில் வலியுறுத்தப்பட்டது. அமெரிக்க எழுத்தாளர் ஃபிரான்சிஸ் மூர் லப்பே 1971இல் எழுதிய நூல் அந்தக் கருத்தை உலகெங்கும் பரப்பியது. 1981 பதிப்பில் அவரே அதைத் தளர்த்திக்கொண்டார். ஒரு நாளில் இரண்டும் வயிற்றுக்குப் போனால் போதும் என்பதே இன்றைய நிலை. காலையில் கூழும் மதியம் சுண்டலும் என்றாலும் கணக்கு சரிதான்.

இரும்புச்சத்து இதைவிடச் சிக்கலானது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் இந்திய அளவில் 57 விழுக்காட்டினரும் தமிழ்நாட்டில் 53.4 விழுக்காட்டினரும் இரத்தசோகை உள்ளவர்கள் என்று தெரியவந்தது. தாவர உணவிலுள்ள இரும்பு உடலில் சேருவது கடினம். பயறிலும் தானியத்திலும் உள்ள பைட்டேட் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, தேநீரின் டானின் தடுக்கிறது. ஊறவைப்பதும் முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் பைட்டேட்டைக் குறைக்கின்றன. வைட்டமின் சி கூட இருந்தால் இரும்பு எளிதில் சேரும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, பச்சைக் கொத்தமல்லி எதுவும் இதற்கு உதவும். சூடு வைட்டமின் சியை அழிக்கும் என்பதால் எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகே பிழிய வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவதற்குச் செலவு எதுவும் இல்லை. மருத்துவர் சொல்லும் மாத்திரைக்கு இவை மாற்று ஆகா.

வைட்டமின் பி12 மட்டும் எந்தப் பருப்பிலும் கீரையிலும் இல்லை. இட்லி மாவு புளிப்பதால் பி12 உண்டாகிறது என்ற பேச்சை நம்பியிருக்க முடியாது. பால், தயிர், மோர் இவையே சைவ வீட்டின் வழி. முட்டை சேர்ப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. பாலும் தயிரும்கூடத் தொடாதவர்கள் மாத்திரையாகவோ சத்தூட்டப்பட்ட உணவாகவோ எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

எது மலிவு

தமிழ்நாட்டின் ரேஷன் கடைகளில் அரிசி அட்டைதாரர்களுக்கு அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். துவரைக்குப் பதில் கனடாவின் மஞ்சள் பருப்பு வந்த காலங்களும் உண்டு. முப்பது ரூபாய்ப் பருப்பில் 100 கிராம் மூன்று ரூபாய். அந்த மூன்று ரூபாய்க்கு 22 கிராம் புரதம். இதைவிட மலிவாகப் புரதம் கிடைக்கும் இடத்தைக் காண்பது அரிது.

ஆனால் அந்த ஒரு கிலோ எத்தனை நாளைக்கு? ஆளுக்கு 85 கிராம் வீதம் நான்கு பேருக்கு ஒரு மாதத்துக்கு வேண்டியது பத்து கிலோவுக்குச் சற்று மேல். ரேஷன் தருவது அதில் பத்தில் ஒரு பங்கு. அரிசி இலவசமாகவும் தாராளமாகவும் வருகிறது, பருப்பு சலுகை விலையில் சிக்கனமாக வருகிறது. வீட்டுத் தட்டிலும் அதே விகிதம் பிரதிபலிக்கிறது. மீதி ஒன்பது கிலோவை வெளிச்சந்தையில் துவரம் பருப்பாகவே வாங்கினால் சிக்கனம் என்ற சொல்லுக்கு இடமில்லை.

துவரையை விட்டு வெளியே வருவதுதான் இங்கே வழி. தட்டப்பயறு, கொள்ளு, பச்சைப்பயறு, மொச்சை, கறுப்புக் கொண்டைக்கடலை ஆகியவை புரதத்தில் ஏறத்தாழத் துவரைக்குச் சமம். கொள்ளு பெரும்பாலும் துவரையைவிட மலிவாகவே விற்கும். கொங்கு நாட்டில் கொள்ளுப் பருப்புக் கடைசலும் கொள்ளு ரசமும் இன்றும் வீட்டுச் சமையலில் உண்டு, மற்ற ஊர்களில் அது மாட்டுத் தீவனம் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. பொட்டுக்கடலையை வேகவைக்கவே வேண்டாம்: சட்னியில் தேங்காயைப் பாதியாக்கிப் பொட்டுக்கடலையைக் கூட்டினால் விலையும் கொழுப்பும் குறையும், புரதம் ஏறும். நிலக்கடலையில் நூற்றுக்கு 25 பங்கு புரதம் இருக்கிறது. எண்ணெயும் அதிகம் என்பதால் ஒரு கைப்பிடி போதும்.

கடைகளில் மீல் மேக்கர் என்று கேட்டு வாங்கும் சோயா உருண்டை இந்த வரிசையில் தனி. எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வது. உலர்ந்த நிலையில் பாதி எடை புரதம். நான்கு பேருக்கு 100 கிராம் வெந்நீரில் ஊறப்போட்டுப் பிழிந்து குருமாவில் போட்டால் ஆளுக்குப் பன்னிரண்டு கிராமுக்குக் குறையாது. பிழியாமல் போட்டால் ஒரு வாடை நிற்கும். பலருக்கு அது பிடிக்காமல் போவதற்கு அந்த வாடைதான் காரணம். இரண்டு முறை தண்ணீர் மாற்றி, நன்றாகப் பிழிந்து, இஞ்சி பூண்டு விழுதோடு வதக்கினால் வாடை தெரியாது. காளானுக்கு இதற்கு நேர்மாறான பெயர். கறிக்கு மாற்று என்று விலை கொடுத்து வாங்கப்படும் பட்டன் காளானில் பெரும்பகுதி தண்ணீர். நூறு கிராமில் மூன்று கிராம் அளவே புரதம். ருசிக்கு வாங்கலாம்.

காய்களில் மலிவு என்பது பருவத்தைப் பொறுத்தது. முருங்கைக்காய் குளிர்காலத்தில் எட்டாத விலைக்குப் போய், கோடையில் கட்டுக்கட்டாகத் தெருவுக்கு வரும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது புளியை வைத்துச் சமாளித்த வீடுகள் ஏராளம். ரசமும் குழம்பும் தக்காளி இல்லாமலே நடந்தன. கத்தரி, வெண்டை, அவரை, கொத்தவரை, புடலை, பீர்க்கை, சுரை, பூசணி போன்ற நாட்டுக் காய்கள் பெரும்பாலும் கேரட், பீன்ஸ், காலிஃபிளவர் விலைக்குக் கீழேயே இருக்கும். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளில் விலைப்பலகை பார்த்து அன்றைக்கு எது இறங்கியிருக்கிறதோ அதை வாங்கிச் சமையலைத் தீர்மானிப்பதே சிக்கனம்; சமையலை முடிவு செய்துவிட்டுக் காய் தேடிப் போனால் பணம் கூடுதலாகத்தான் ஆகும். பீர்க்கங்காயின் தோலைச் சீவி உளுத்தம் பருப்பு, மிளகாய், புளியோடு வதக்கி அரைத்தால் துவையல், காய் கூட்டுக்கு. ஒரு காயில் இரண்டு பண்டம்.

நேரம் எங்கே போகிறது

சமையல் குறிப்புகளில் ‘பத்து நிமிடத்தில்’ என்று போடும் கணக்கு அடுப்பு எரியும் நேரத்தை மட்டுமே சொல்வது. உரிப்பது, நறுக்குவது, ஆய்வது, ஊறவைப்பது, பாத்திரம் துலக்குவது அதில் வராது. இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிட்டதாகத் தெரிந்தது. சைவச் சமையல் விரைவாகுமா என்ற கேள்வியின் பாதி, வெங்காயம் உரிப்பது யார் என்ற கேள்விதான்.

அடுப்பு நேரத்தைக் குறைத்ததில் பிரஷர் குக்கருக்கு ஈடான பாத்திரம் இல்லை. உள்ளே அழுத்தம் ஏறும்போது தண்ணீர் 100 பாகைக்குப் பதில் 120 பாகை செல்சியஸுக்கு அருகில் கொதிக்கிறது. திறந்த பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் வேகும் துவரம் பருப்பு அதில் கால் மணியில் குழைகிறது. முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைப்பது எரிவாயுவை மிச்சப்படுத்தும். முழுத் தீயில் விசில் அடித்துக்கொண்டே இருப்பதால் பருப்பு வேகமாக வெந்துவிடாது, ஆவிதான் வெளியேறும். அடியில் பருப்பு, மேல் தட்டில் அரிசி, அதற்கு மேல் காய் என்று அடுக்கினால் ஒரே தீயில் சாப்பாட்டின் முக்கால் பாகம் முடிகிறது. பருப்பு வேகாமல் முரண்டு பிடிப்பதற்கு உப்புத் தண்ணீரும் பழைய பருப்பும் காரணமாக இருக்கலாம்; புளியை முன்னதாகச் சேர்ப்பதும் ஒரு காரணம், புளிப்பு பருப்பை இளகவிடாது. வெந்து மசிந்த பிறகே புளித்தண்ணீர் விடும் வழக்கம் இதனால்தான்.

குக்கருக்கு அடுத்தது முந்தைய இரவு. படுக்கப் போகும் முன் ஒரு டம்ளர் கொண்டைக்கடலையைத் தண்ணீரில் போடுவது அரை நிமிட வேலை. மறந்துவிட்டால் மறுநாள் அந்தக் கடலை உதவாது. கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடிவைத்தால் ஓரிரு மணி நேரத்தில் ஓரளவு ஊறும், அது அவசரத்துக்கு. ராஜ்மாவை மட்டும் எந்த அவசரத்திலும் அரைவேக்காட்டில் இறக்கக் கூடாது. அதில் இயற்கையாகவே உள்ள லெக்டின் வயிற்றைப் புரட்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்கு கொதிக்கவைத்து முழுமையாக வேகவைத்தால் அது அழியும். பாசிப்பருப்புக்கும் மைசூர்ப் பருப்புக்கும் ஊறலே வேண்டாம். இருபது நிமிடத்தில் திறந்த பாத்திரத்திலேயே வெந்துவிடும். வேலைக்குப் போகும் வீட்டில் இந்த இரண்டு பருப்பும் டப்பாவில் தீரக் கூடாது.

முருங்கைக்கீரை ஆய்வதற்கும் இரவு உதவும். கொத்தை நனைக்காமல் துணியிலோ செய்தித்தாளிலோ சுற்றி வைத்தால் காலையில் இலைகள் காம்பை விட்டுத் தாமாகவே பெரும்பாலும் உதிர்ந்திருக்கும், உதறினால் போதும். தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை இப்படி உதிரா. அவற்றை வாங்கிய அன்றே ஆய்ந்து, ஈரமில்லாமல் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் நிற்கும்.

அரைத்து வைத்த மாவும் இடித்து வைத்த பொடியும் இதே வகை. மாவை ஒரு முறை அரைத்தால் முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, புளிப்பு ஏறியதும் ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற வழக்கத்தில் ஒரு இட்லிக்கு ஏறத்தாழ இரண்டு கிராம் புரதம். ஆகவே சாம்பாரோ பொட்டுக்கடலைச் சட்னியோ இல்லாத இட்லி அரைச் சாப்பாடு. பருப்புப்பொடிக்குத் துவரம் பருப்பையும் பொட்டுக்கடலையையும் எண்ணெய் விடாமல் வறுத்து, வற்றல் மிளகாய், மிளகு, பூண்டு, உப்பு சேர்த்துப் பொடிக்க வேண்டும். ஈரம் படாமல் வைத்தால் ஒரு மாதம் கெடாது. சுடுசோறு, பொடி, ஒரு கரண்டி நல்லெண்ணெய், தொட்டுக்கொள்ள மோர்: சோறு இருந்தால் ஐந்து நிமிடச் சாப்பாடு.

எந்தப் பண்டம் எவ்வளவு தேறும்

ஒரே பாத்திரத்தில் முடியும் அரிசி–பருப்புச் சமையல்தான் மூன்று தேவையையும் ஒன்றாக நிறைவேற்றுவது. கோவை, ஈரோடு பக்கத்து அரிசியும் பருப்பும் சாதம் இதில் முதல் இடம் பெறத் தக்கது. குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயமும் தட்டிய பூண்டும் தக்காளியும் வதங்கிய பிறகு மஞ்சள்தூள், சாம்பார் பொடி சேர்த்துப் புரட்ட வேண்டும். கழுவி அரை மணி ஊறிய அரிசியையும் துவரம் பருப்பையும் போட்டு, மொத்த அளவுக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டு, நான்கு விசில். ஆவி அடங்கித் திறந்ததும் ஒரு கரண்டி நெய். பெரும்பாலும் மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்று போடுவார்கள். இரண்டுக்கு ஒன்றாக்கினாலும் ருசி கெடாது, கொஞ்சம் குழைவு கூடும். அவரையோ கேரட்டோ முருங்கைக்கீரையோ உள்ளேயே போட்டால் தனிப் பொரியல் வேண்டாம். தயிர்ப் பச்சடி போதும். ஊறும் நேரத்தைக் கழித்தால் அடுப்படியில் நிற்பது அரை மணி நேரத்துக்கும் குறைவு, துலக்குவதற்கு ஒரே பாத்திரம்.

வெண்பொங்கலின் கதை வேறு. அரிசியும் பாசிப்பருப்பும் மலிவானவைதான், விலையையும் கொழுப்பையும் ஏற்றுவது நெய்யும் முந்திரியும். ஹோட்டல் பொங்கலில் நெய் மிதப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு வீட்டுப் பொங்கல் வறண்டு தெரியும். அதற்குப் பதில் தண்ணீரைக் கூட்டிக் குழைய வேகவைத்து, மிளகும் சீரகமும் இஞ்சியும் ஒரே ஒரு கரண்டி நெய்யில் தாளித்துக் கொட்டினால் ஈடாகும். பாசிப்பருப்பை வாசம் வர வறுத்துப் போடுவதே அதன் ருசிக்கு ஆதாரம். பருப்பை இரண்டுக்கு ஒன்றாகப் போடலாம்.

இந்தப் பண்டங்களின் மேல் அரசே திட்டங்களைக் கட்டியிருக்கிறது. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்களில் இட்லி ஒரு ரூபாய், பொங்கலும் சாம்பார் சாதமும் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். மானியம் சேர்ந்த விலை அது, அடக்க விலை அல்ல. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் மாறி மாறி வருகின்றன. குழந்தைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவைக்கு, சாம்பாருக்கான பருப்பு 15 கிராம். மூன்றுக்கு ஒன்று என்ற வழிகாட்டி அளவுக்கு மிக அருகில் அது இருக்கிறது. பல வீடுகளில் காலை உணவில் இந்த அளவு இருப்பதில்லை.

உப்புமாவை யாரும் புகழ்வதில்லை. பதினைந்து நிமிடத்தில் முடிவதால் கேட்காமலே வந்துவிடுகிறது என்பதே அதன் மீதான புகார். ரவையில் நூற்றுக்குப் பத்து பங்கு புரதம் உண்டு, லைசின் போதாது. வெறும் வெங்காய உப்புமாவாக விடாமல் ஒரு கைப்பிடி நிலக்கடலை, பட்டாணி, கேரட், பீன்ஸ் சேர்த்துக் கிச்சடியாக்கி, தேங்காய்ச் சட்னிக்குப் பதில் சாம்பாரோ கொத்சுவோ வைத்தால் அதே உப்புமா முழுச் சாப்பாடாகிவிடும். கோதுமை ரவையில் நார்ச்சத்து கூடுதல். அவல் உப்புமா அதைவிட விரைவு: கழுவிப் பிழிந்து தாளிதத்தில் புரட்டினால் முடிந்தது. சேமியா பெரும்பாலும் மைதாவில் செய்தது. விரைவைத் தவிர அதற்குச் சாதகமாகச் சொல்ல அதிகம் இல்லை.

பருப்பின் பங்கு உண்மையில் பெரிதாக இருக்கும் பண்டம் அடை. அரிசி ஒரு பங்கு என்றால் கடலை, துவரை, உளுந்து மூன்றும் சேர்ந்து ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல். இரண்டு மூன்று மணி நேரம் ஊறினால் போதும், புளிக்கவைக்க வேண்டியதில்லை; மிளகாயும் சோம்பும் வைத்துக் கொரகொரப்பாக அரைத்து, முருங்கைக்கீரை கலந்து வார்த்தால் தானியம், பருப்பு, கீரை மூன்றும் ஒரே கல்லில் ஏறிவிடுகின்றன. பச்சைப்பயறு தோசை, ஆந்திரத்தில் பெசரட்டு என்பது, இதன் இன்னும் விரைவான உறவு: இரவு ஊறவைத்து, காலையில் பச்சை மிளகாயும் இஞ்சியும் சேர்த்து அரைத்து அப்போதே வார்ப்பது. அரிசி ஒரு பிடி போதும். அடையும் பெசரட்டும் எண்ணெய் கேட்கும் என்பது ஒரு குறை. நன்கு காய்ந்த இரும்புக் கல்லோ ஒட்டாத கல்லோ இருந்தால் அந்தக் குறை பாதியாகும்.

சுண்டல் கோயிலுக்கும் கொலுவுக்கும் கடற்கரைக்கும் உரியதாகிவிட்டது பரிதாபம். ஊறிய கொண்டைக்கடலையையோ தட்டப்பயறையோ உப்போடு வேகவைத்துத் தாளிக்கும் பத்து நிமிட வேலை அது. மாலைப் பசிக்கு பஜ்ஜி, பிஸ்கெட் இவற்றின் இடத்தில் வைத்தால் நாள் கணக்கில் பருப்பு தானாகவே ஏறிவிடும். ஒரே தடவையில் இரண்டு பங்கு வேகவைத்து, பாதியைச் சுண்டலாகவும் பாதியை மறுநாள் புளிக்குழம்பிலும் போடலாம். கத்தரிக்காயும் தட்டப்பயறும் சேர்ந்த காரக்குழம்பு இருக்கும் நாளில் சாம்பார் தேவையில்லை.

கூழும் கஞ்சியும் மலிவின் உச்சம். கேழ்வரகு நூறு கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் கொண்டது. அரிசியில் அது மிகச் சொற்பம். மாவைக் கரைத்துக் காய்ச்சிய கூழ் பத்து நிமிடத்தில் ஆகும், களி கிண்டப் பழக்கம் வேண்டும். கம்பு இரும்புச்சத்தில் தேறும். சிறுதானியங்களுக்கு வந்திருக்கும் புதிய மதிப்பில் வரகு, சாமை, தினை அலங்கார உறைகளில் அரிசியைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கின்றன. கேழ்வரகும் கம்பும் சந்தையில் இன்னும் நியாய விலையில் கிடைக்கும்போது அந்த உறைகளுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

இலங்கைத் தமிழர் வீடுகளில் இந்தக் கேள்விக்கான விடை மைசூர்ப் பருப்பில் இருக்கிறது. மரக்கறிச் சாப்பாட்டில் சோற்றோடு பருப்புக்கறி அனேகமாக நாள்தோறும் உண்டு: வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சளோடு வேகவைத்து, கடைசியில் தேங்காய்ப்பால் விட்டு இறக்குவது. புட்டு அல்லது இடியப்பத்துக்குச் சொதி. சொதியில் புரதம் குறைவு. தேங்காய் விலை ஏறும்போது அது மலிவும் இல்லை. பருப்புக்கறி அப்படியல்ல. தேங்காய்ப்பாலைக் குறைத்தாலும், தாளிதம் நன்றாக இருந்தால் கறி நிற்கும். இருபது நிமிடத்தில் முடிவதில் அதற்கு நிகர் துவரம் பருப்புச் சமையலில் கிடையாது.

எண்ணெயும் உப்பும் மிச்சமும்

சைவம் என்பதாலேயே ஆரோக்கியம் என்ற எண்ணத்தைக் கெடுப்பவை எண்ணெயும் உப்பும். முன் சொன்ன வழிகாட்டி ஒரு நாளைக்கு 27 கிராம் எண்ணெய் என்கிறது, தேக்கரண்டிக் கணக்கில் ஆறு. நான்கு பேருள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். ஐந்து லிட்டர் கேன் மாதம் முடியுமுன் காலியாகும் வீட்டில் காரணத்தைத் தாளிதத்தில் தேடிப் பயனில்லை, பொரித்த அப்பளத்திலும் வறுவலிலும் பூரியிலும்தான் தேட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் உப்பு வரம்பு ஆளுக்கு நாளுக்கு 5 கிராம், நால்வருக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ உப்புப் பொட்டலம் மாதத்துக்கு ஒன்று தீர்ந்தால் அது வரம்புக்கு வெளியே, அதுவும் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் இவற்றில் கடையிலிருந்தே வரும் உப்பைச் சேர்க்காமல். சைவச் சாப்பாட்டில் சாரமில்லாத குறையை ஊறுகாயால் நிரப்பும் பழக்கம் இதற்குப் பெரிய காரணம். எலுமிச்சை, மிளகு, வறுத்துப் பொடித்த சீரகம் அதே வேலையை உப்பில்லாமல் செய்யும்.

மிச்சம் வைப்பதும் சிக்கனத்தின் பகுதி, அதில் கவனம் வேண்டும். வெந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் பிழைத்திருக்கும். வெப்பமான சமையலறையில் மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்து நஞ்சு சுரக்கும், அந்த நஞ்சில் ஒரு வகை மறுபடி சுடவைத்தாலும் போகாது. மிஞ்சும் என்று தெரிந்த சோற்றை ஆறியதும் சீக்கிரமே குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், அல்லது சுத்தமான தண்ணீர் ஊற்றிப் பழையசோறாக்கிவிட வேண்டும். தண்ணீரில் புளிக்கும் சோற்றில் லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் பெருகுவதால் கெடுக்கும் நுண்ணுயிரிகளுக்கு இடம் குறைகிறது. காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் அடுப்பே மூட்டாத வேளை. கூட ஒரு கிண்ணம் சுண்டலோ பருப்புத் துவையலோ இருந்தால் குறை இல்லை. சாம்பாரும் புளிக்குழம்பும் குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும், எடுத்ததும் கொதிக்கவிட வேண்டும். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் தேங்காய்ச் சட்னியும் வெளியே அரை நாள்கூடத் தாங்கா. அவற்றை அந்த வேளைக்கு வேண்டிய அளவே செய்வது மேல்.